13வது தொகுதியைத் தேர்ந்தெடுத்தது யார்?

ஓர் அமெரிக்க அதிபரையும் ஒரு மாநில அட்டர்னி ஜெனரலையும் தந்தது சிகாகோவின் மாநில செனட் தொகுதி ஒன்று. ஆனால் அதன் வாக்காளர்கள் 1991க்குப் பிறகு ஒரு புதுமுகத்தைக்கூட உண்மையான போட்டியில் தேர்ந்தெடுத்ததில்லை.

1996 ஜனவரி. வேட்பு மனுக்களோடு இணைக்கப்பட்ட கையெழுத்துத் தாள்களை சிகாகோ தேர்தல் வாரியத்தில் ஒரு சிறு குழு வரி வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? முகவரி தொகுதிக்குள் வருகிறதா? கையெழுத்துக்குப் பதிலாகப் பெயரை அச்செழுத்தில் எழுதியிருக்கிறாரா? ஏதாவது ஒன்று தவறினாலும் அந்த வரிக்கு ஆட்சேபம் எழுந்தது.

இல்லினாய்ஸ் மாநில செனட்டின் 13வது தொகுதியில் போட்டியிடத் தேவை, செல்லத்தக்க 757 கையெழுத்துகள். பதவியிலிருந்த செனட்டர் ஆலிஸ் பாமர் அவசர அவசரமாகத் திரட்டிக் கொடுத்தது சுமார் 1,580. போதுமானதற்கு இரண்டு மடங்கு. ஆனால் சல்லடையில் அவற்றில் பெரும்பகுதி விழுந்தது. தோற்பது உறுதி என்று தெரிந்ததும் பாமர் விலகிக்கொண்டார். களத்திலிருந்த மற்ற மூவரும் தப்பவில்லை. அவர்களில் ஒருவருக்கு 69 கையெழுத்து குறைந்தது, இன்னொருவருக்கு 86.

மார்ச் 19 அன்று, 'பிரைமரி' எனப்படும் உட்கட்சித் தேர்தலில், ஜனநாயகக் கட்சியின் வாக்குச் சீட்டில் அந்தப் பதவிக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஆட்சேபங்களை எழுப்பியவரின் பெயர். 34 வயது வழக்கறிஞர் பராக் ஒபாமா.

நவம்பரில் நடந்த பொதுத்தேர்தல் வெறும் சம்பிரதாயம். குடியரசுக் கட்சி வேட்பாளரையும், சிகாகோவின் முதல் கறுப்பின மேயர் ஹெரால்ட் வாஷிங்டனின் பெயரில் இயங்கிய சிறு கட்சியின் வேட்பாளரையும் சுமார் 82 சதவிகித வாக்குகளோடு ஒபாமா ஓரங்கட்டினார். 12 ஆண்டுகளில் அவர் வெள்ளை மாளிகையைப் பிடித்த கதை உலகத்துக்கே தெரியும். அவர் புறப்பட்ட இடத்தின் கதைதான் அதிகம் பேசப்படாதது.

மக்களா, மரங்களா?

மாநில செனட் என்பது இந்திய வாசகருக்குச் சற்றுப் புதிரான அமைப்பு. நம் நாட்டில் சில மாநிலங்களில் உள்ள சட்ட மேலவைகளுக்குப் பொது வாக்காளர்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. உள்ளாட்சி உறுப்பினர்கள், பட்டதாரிகள், ஆசிரியர்கள், எம்.எல்.ஏ.க்கள் என்று தனித்தனிக் குழுக்கள் தேர்ந்தெடுக்கின்றன. அமெரிக்காவிலோ நெப்ராஸ்கா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் இரு அவைகள் உண்டு. இரண்டுமே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவை. நெப்ராஸ்கா மட்டும் 1937 முதல் ஒற்றை அவையோடு நடக்கிறது.

கொலைக்கு என்ன தண்டனை, பள்ளிக்கு எவ்வளவு பணம், போலீஸ் எப்படி விசாரிக்க வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்வது வாஷிங்டன் அல்ல, இந்த மாநில அவைகள்தான். அதிலும் ஒரு மாநில செனட்டர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கலிஃபோர்னியாவில் 40 செனட்டர்கள். ஆளுக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் பேர். வடக்கு டகோடாவில் 47 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 17,000 பேர்கூட இல்லை.

ஒரே மாநிலத்துக்குள்ளும் ஒரு காலத்தில் இதைவிட மோசமான ஏற்றத்தாழ்வு இருந்தது. 1960களின் தொடக்கத்தில் 60 லட்சம் மக்கள் வாழ்ந்த லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்துக்கு மாநில செனட்டில் ஒரே ஓர் இடம். 15,000 பேர்கூட இல்லாத மலைப் பகுதித் தொகுதிக்கும் ஓர் இடம். இல்லினாய்ஸின் கதை இன்னும் சுவையானது. 1901ல் வரைந்த தொகுதி எல்லைகளை அந்த மாநிலம் 1955 வரை தொடவே இல்லை. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று மாநில அரசியல் சட்டம் சொல்லியும் யாரும் அசையவில்லை. காரணம் வெளிப்படையானது. சிகாகோ வீங்கிக்கொண்டே போயிற்று. எல்லையை மாற்றினால் அதிகாரம் நகரத்துக்குப் போய்விடும் என்று கிராமப்புற உறுப்பினர்கள் பயந்தார்கள்.

1954ல் ஒரு சமரசம் ஏற்பட்டது. கீழவையை மக்கள்தொகைப்படி பிரித்துக்கொள்வது, செனட்டை நிலப்பரப்பை வைத்துப் பிரிப்பது. விளைவு, மாநில மக்களில் பாதிப் பேர் வாழ்ந்த சிகாகோ வட்டாரத்துக்கு, அதாவது குக் மாவட்டத்துக்கு, செனட்டின் 58 இடங்களில் 24தான் கிடைத்தது.

இந்தக் கணக்கை உடைத்தது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1964ல் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில், மாநில அவைகள் இரண்டுமே மக்கள்தொகை அடிப்படையில்தான் அமைய வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. உறுப்பினர்கள் மக்களுக்குத்தான் பிரதிநிதிகள், மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ அல்ல என்பது தலைமை நீதிபதி ஏர்ல் வாரனின் வாதம்.

அதே 1964ல் இல்லினாய்ஸ் ஒரு கேலிக்கூத்தையும் நடத்திக் காட்டியது. கீழவைக்கு எல்லை வரைவதில் கட்சிகள் ஒத்துப்போகாததால், 177 உறுப்பினர்களையும் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. வேட்பாளர்கள் 236 பேர். பெயர்களை அடக்க வாக்குச் சீட்டு படுக்கை விரிப்பு அளவுக்கு நீண்டது. அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

ஏரிக்கரை ஊர்

புதிய எல்லைகளோடு 1966ல் செனட்டுக்குத் தேர்தல் நடந்தபோது, தெற்கு சிகாகோவின் ஹைட் பார்க் பகுதியிலிருந்து வென்று ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள சட்டமன்றத்துக்குப் போனவர் ரிச்சர்ட் நியூஹவுஸ். கறுப்பின வழக்கறிஞர்.

ஹைட் பார்க் ஒரு விசித்திரமான ஊர். மிச்சிகன் ஏரிக்கரையில், 1890ல் நிறுவப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்தது. 1893ல் உலகக் கண்காட்சி நடந்த ஜாக்சன் பார்க் இதன் ஓரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கண்காட்சியை ஒட்டி நகரின் மையப் பகுதியில் கூட்டப்பட்ட சர்வமத மாநாட்டில்தான் விவேகானந்தர் பேசினார். விண்ணியல் விஞ்ஞானி எஸ். சந்திரசேகர் 1937 முதல் 1995ல் மறையும்வரை சார்ந்திருந்த பல்கலைக்கழகம் இது. சங்கப் பாடல்களை ஆங்கில உலகத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் 1960களிலிருந்து 1993ல் இறக்கும்வரை கற்பித்ததும் இங்கேதான்.

இந்த அறிவுலகத் தீவைச் சுற்றிலும் வேறொரு சிகாகோ. தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி லட்சக்கணக்கில் வந்த கறுப்பர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்கள். வெள்ளையர் பகுதிகளில் அவர்களுக்கு வீடு விற்கக்கூடாது என்று சொத்துப் பத்திரங்களிலேயே எழுதி வைத்த காலம் உண்டு. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948ல்தான். படித்த வெள்ளைத் தாராளவாதிகளும் கறுப்பினத்தவரும் ஒரே தொகுதியில் சேர்ந்தபோது ஓர் அபூர்வக் கலவை உருவாயிற்று. மேயர் ரிச்சர்ட் டேலியின் கட்சி இயந்திரம் சிகாகோ முழுவதையும் கைக்குள் வைத்திருந்த நாட்களில், அந்த இயந்திரத்துக்குத் தலைவணங்காத பகுதியாக ஹைட் பார்க் பேரெடுத்தது.

நியூஹவுஸ் அந்த மரபின் ஆள். 1975ல் டேலியையே எதிர்த்து மேயர் பதவிக்கான பிரைமரியில் நின்றார். ஜெயிக்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு கறுப்பர் அந்தப் பதவியைக் கேட்கலாம் என்பதை நகரம் பார்த்துவிட்டது. எட்டே ஆண்டுகளில், 1983ல், ஹெரால்ட் வாஷிங்டன் மேயராகிவிட்டார். அவரும் மாநில செனட்டில் இருந்தவர், ஹைட் பார்க்வாசி. மாநிலக் கீழவையில் இதே பகுதியிலிருந்து போன கரோல் மோஸ்லி பிரான் 1992ல் அமெரிக்க செனட்டுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண்மணியானார்.

எல்லைகள் பத்தாண்டுக்கொரு முறை மாறினாலும் நியூஹவுஸின் தொகுதிக்கு ஹைட் பார்க்கே மையமாக இருந்தது. சுமார் 24 ஆண்டுகள் உறுப்பினராக இருந்து 1991ல் அவர் விலகினார். தொகுதியின் இரண்டாம் அத்தியாயம் அங்கே தொடங்குகிறது.

வார்டுத் தலைவர்களின் ஓட்டு

இந்தியாவில் எம்.எல்.ஏ. ஒருவர் ராஜினாமா செய்தால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வந்தாக வேண்டும். இல்லினாய்ஸில் அப்படி இல்லை. காலியான இடத்தை 30 நாட்களுக்குள் நியமனத்தின் மூலம் நிரப்ப வேண்டும். நியமிப்பது விலகியவரின் கட்சி. அதாவது, தொகுதிக்குள் வரும் வார்டுகளின் கட்சித் தலைவர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். எல்லோருக்கும் சமமான ஓட்டும் கிடையாது. யாருடைய வார்டுப் பகுதியில் கட்சிக்கு அதிக வாக்கு விழுந்ததோ அவருடைய ஓட்டுக்கு அதிக எடை. பதவிக்காலத்தில் 28 மாதத்துக்கு மேல் மிச்சமிருந்தால் மட்டும் அடுத்த பொதுத்தேர்தலில் வாக்காளரிடம் போக வேண்டும். இல்லாவிட்டால் நியமனம் பெற்றவர் மீதிக் காலம் முழுவதும் தொடரலாம்.

1991 ஜூனில் இந்த முறைப்படி வந்தவர் ஆலிஸ் பாமர். கல்வியாளர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். தொகுதியில் மதிப்பும் இருந்தது. 1995ல் அவருக்கு வேறு ஆசை வந்தது. பக்கத்துக் காங்கிரஸ் தொகுதியான 2வது தொகுதியின் உறுப்பினர் மெல் ரெனால்ட்ஸ் குற்றவழக்கில் தண்டனை பெற்றுப் பதவி இழக்க, பாமர் அந்த இடைத்தேர்தலில் குதித்தார். மாநில செனட்டில் தன் இடத்துக்கு ஒபாமாவை ஆதரித்தார். 1995 செப்டம்பரில் ஹைட் பார்க் ஹோட்டல் ஒன்றில் ஒபாமா வேட்பாளராக அறிவிக்கப்பட்ட கூட்டத்தில் பாமரும் இருந்தார்.

நவம்பர் 28 அன்று நடந்த காங்கிரஸ் பிரைமரியில் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் வென்றார். மாநில செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த எமில் ஜோன்ஸ் இரண்டாவது. பாமர் மூன்றாவது. உடனே பாமரின் ஆதரவாளர்கள் ஒபாமாவிடம் போனார்கள். பழைய இடத்தை அவருக்கே விட்டுக்கொடுங்கள் என்றார்கள். ஒபாமா மறுத்தார். மனுத் தாக்கலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில்தான் பாமர் தரப்பு அந்தக் கையெழுத்துகளை ஓடியோடித் திரட்டியது. முடிவு, தேர்தல் வாரியத்தில் நடந்த அந்தச் சல்லடை.

சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை. சிகாகோ அரசியலில் கையெழுத்துகளுக்கு ஆட்சேபம் எழுப்புவது தேர்தல் வேலைகளில் ஒன்று. ஆனால் மக்களை ஒன்றுதிரட்டும் சமூக அமைப்பாளராகவும் வாக்காளர் பதிவு இயக்கத்தை நடத்தியவராகவும் பேர் வாங்கிய ஒருவர், வாக்காளர் முன்னால் ஒரே ஒரு தேர்வை மட்டும் விட்டு வைத்தது முரண்தான். வடு ஆறவில்லை. 2008ல் அதிபர் வேட்பாளர் போட்டியில் பாமர் ஆதரித்தது ஹிலாரி கிளின்டனை. 2023ல் பாமர் காலமானார்.

தொப்பியும் கணினியும்

தொகுதி எல்லையை வரைவது யார் என்பது எந்த நாட்டிலும் கசப்பான கேள்வி. அமெரிக்காவில் எல்லையை வளைத்துச் சாதகம் தேடும் தந்திரத்துக்கு 'ஜெரிமேண்டர்' என்ற பெயர் வந்ததே ஒரு மாநில செனட் தொகுதியால்தான். 1812ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்திட்ட சட்டம் எஸெக்ஸ் மாவட்டத்தில் பாம்புபோல் நெளியும் ஒரு செனட் தொகுதியை உருவாக்கியது. பாஸ்டன் பத்திரிகை ஒன்று அதற்குச் சிறகும் நகமும் வரைந்து, 'சாலமாண்டர்' என்ற பிராணியின் பெயரோடு ஆளுநரின் பெயரை ஒட்டிவிட்டது. ஜெரி மறைந்தார், பெயர் நின்றது.

இல்லினாய்ஸ் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு சீட்டுக் குலுக்கல். 1970ல் வந்த மாநில அரசியல் சட்டப்படி 59 செனட் தொகுதிகள். ஒவ்வொரு செனட் தொகுதியும் இரண்டாகப் பிரிந்து இரண்டு கீழவைத் தொகுதிகளாகிறது. சட்டமன்றம் எல்லைகளை ஒப்புக்கொள்ளாவிட்டால் இரு கட்சிகளுக்கும் சம எண்ணிக்கை கொண்ட ஒரு கமிஷன். அதிலும் முடிவு வராவிட்டால், ஆளுக்கொரு பெயராக இரண்டு பெயர்களில் ஒன்றைக் குலுக்கி எடுத்து ஒன்பதாவது உறுப்பினராக்க வேண்டும். தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் கட்சிகள் சமரசத்துக்கு வரும் என்பது இதை எழுதியவர்களின் நம்பிக்கை. நடந்ததோ நேர்மாறு. இரு கட்சிகளும் சூதாடத் தயாராக இருந்தன. ஆபிரகாம் லிங்கன் அணிந்த மாதிரியான உயரத் தொப்பியிலிருந்து சீட்டெடுத்து ஒரு மாநிலத்தின் பத்தாண்டு அரசியலை முடிவு செய்த காட்சியும் அரங்கேறியது. 1981ல் சீட்டு ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தது. 1991ல் குடியரசுக் கட்சிக்கு. 2001ல் மறுபடி ஜனநாயகக் கட்சிக்கு.

1991 குலுக்கலின் பலன், 1993 முதல் 10 ஆண்டுகள் செனட் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. 1997ல் உள்ளே நுழைந்த ஒபாமா முதல் ஆறு ஆண்டுகள் சிறுபான்மைக் கட்சி உறுப்பினர். மசோதாக்கள் நகராது. சலித்துப்போய் 2000ல் காங்கிரஸ் உறுப்பினர் பாபி ரஷ்ஷை எதிர்த்து பிரைமரியில் நின்று, இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தோற்றார். தெற்கு சிகாகோவின் உழைக்கும் கறுப்பின மக்கள் இவரைத் தங்களில் ஒருவராகக் கருதவில்லை என்பதுதான் அந்தத் தோல்வியின் பாடம்.

அடுத்த ஆண்டே காட்சி மாறியது. 2001ல் குலுக்கல் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக அமைந்தது. அதற்கு முன்பே ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள அரசுக் கட்டடத்தின் ஓர் அறையில், கட்சியின் வரைபட நிபுணரோடு உட்கார்ந்து கணினித் திரையில் ஒபாமா தன் தொகுதிக்குப் புது உருவம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை 2008ல் 'நியூயார்க்கர்' பத்திரிகை விரிவாக எழுதியது. பழைய 13வது தொகுதி ஹைட் பார்க்கிலிருந்து மேற்கே எங்கிள்வுட் போன்ற ஏழ்மைப் பகுதிகள்வரை நீண்டிருந்தது. புதிய தொகுதி திசை மாறி வடக்கே ஓடியது. ஏரிக்கரையோரமாக நகரின் வர்த்தக மையத்தைத் தொட்டு, கோடீஸ்வரர்கள் வாழும் கோல்ட் கோஸ்ட் வரை போயிற்று. கறுப்பின வாக்காளர்களின் பெரும்பான்மை அப்படியே இருந்தது. கூடவே பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் அவருடைய வாக்காளர்களானார்கள்.

2004ல் அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட ஒருவருக்கு வேண்டிய தொடர்புகள் எல்லாம் இந்தத் தொகுதிக்குள்ளேயே இருந்தன. எங்கிள்வுட்டின் ஏழைகளுக்கோ செனட்டர் மாறிவிட்டார். அவர்கள் யாரையும் தோற்கடிக்கவில்லை, யாரையும் ஜெயிக்க வைக்கவுமில்லை. கோடு மாறியது, அவ்வளவுதான்.

ஐவர் வந்த வழி

ரிச்சர்ட் நியூஹவுஸ்: 1966 தேர்தலில் வெற்றி. 1991ல் விலகல்.

ஆலிஸ் பாமர்: 1991ல் நியமனம். 1992 தேர்தலில் வெற்றி.

பராக் ஒபாமா: 1996ல் பிரைமரியில் எதிராளி இல்லை. 2004 நவம்பரில் விலகல்.

குவாமே ரவூல்: 2004ல் நியமனம். 2019 ஜனவரியில் மாநில அட்டர்னி ஜெனரலாகப் பதவியேற்பு.

ராபர்ட் பீட்டர்ஸ்: 2019 ஜனவரியில் நியமனம். 2020, 2022 தேர்தல்களில் வெற்றி.

விசாரணை அறை முதல் ஜாமீன் வரை

இதையெல்லாம் வைத்து 13வது தொகுதிக்குப் பிரதிநிதித்துவமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கதையின் இன்னொரு பக்கம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

தெற்கு சிகாகோவின் பழைய காயம் போலீஸ் சித்திரவதை. ஜான் பர்ஜ் என்ற போலீஸ் அதிகாரியும் அவருக்குக் கீழ் இருந்தவர்களும் 1970களிலும் 80களிலும் கறுப்பினக் கைதிகளை வதைத்து வாக்குமூலம் வாங்கியதாக எழுந்த புகார்கள் பின்னர் உறுதிப்பட்டன. அந்த வாக்குமூலங்களை வைத்து மரண தண்டனை பெற்றவர்களும் உண்டு. சித்திரவதை பற்றிப் பொய் சாட்சி சொன்னதற்காக பர்ஜ் தண்டிக்கப்பட்டது 2010ல்தான். இதனிடையே இல்லினாய்ஸில் 1977க்குப் பின் 12 பேர் தண்டனை நிறைவேற்றப்பட்டு இறந்திருந்தார்கள். மரண தண்டனை பெற்றுப் பின்பு குற்றமற்றவர் என்று விடுதலையானவர்கள் 13 பேர். இந்தக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்ட குடியரசுக் கட்சி ஆளுநர் ஜார்ஜ் ரயன் 2000 ஜனவரியில் தண்டனைகளை நிறுத்தி வைத்தார். 2003ல் பதவியிலிருந்து இறங்குமுன் 160க்கும் மேற்பட்டவர்களின் மரண தண்டனையைக் குறைத்தார்.

2003ல் செனட் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தது. எமில் ஜோன்ஸ் அவைத் தலைவரானார். கொலை வழக்குகளில் விசாரணையைப் பதிவு செய்வது கட்டாயம் என்ற மசோதாவை ஒபாமா கையிலெடுத்தார். முதலில் போலீஸ் அமைப்புகளும் அரசு வழக்கறிஞர்களும் எதிர்த்தார்கள். கடைசியில் செனட்டில் ஓர் எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் அது நிறைவேறியது. சட்டம் இயற்றி இதைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் இல்லினாய்ஸ்தான். அதே ஆண்டில், வாகனங்களை நிறுத்திச் சோதனையிடும் போலீஸார் ஓட்டுநரின் இனத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது.

ஒபாமா விட்ட இடத்தில் தொடர்ந்தவர் ரவூல். ஹைட்டியிலிருந்து குடியேறிய மருத்துவரின் மகன். மரண தண்டனையை அடியோடு ஒழிக்கும் மசோதாவை செனட்டில் நடத்திச் சென்றவர் அவர். 2011 ஜனவரியில் 32க்கு 25 என்ற வாக்கில் அது கரையேறியது. மார்ச் 9 அன்று ஆளுநர் பாட் க்வின் கையெழுத்திட்டார். தூக்குக்காகக் காத்திருந்த நிலையிலிருந்த 15 பேரின் தண்டனையும் ஆயுளாகக் குறைந்தது.

மூன்றாவது கட்டம் பீட்டர்ஸ் காலத்தில். விசாரணைக் கைதி வெளியே வரப் பணம் கட்ட வேண்டும் என்ற ஜாமீன் முறையை ஒழிக்கப் போராடிய முன்னணி செனட்டர்களில் அவர் ஒருவர். 2021ல் சட்டமாகி, வழக்குகளில் சிக்கி, 2023 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, செப்டம்பர் 18 அன்று அமலுக்கு வந்தது. பண ஜாமீனை முற்றிலும் விலக்கிய முதல் மாநிலமும் இல்லினாய்ஸ்தான்.

விசாரணை அறை, தூக்குமேடை, ஜாமீன். இருபது ஆண்டுகளில் ஒரே தொகுதியின் மூன்று உறுப்பினர்கள் ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இது தற்செயல் அல்ல. தொகுதி யாருடையது என்பதைப் பொறுத்து உறுப்பினர் எதைப் பேசுவார் என்பதும் அமைகிறது. போலீஸ் காவலில் மகன்களைத் தொலைத்த தெருக்களும், அதைச் சட்டமொழியில் எழுதத் தெரிந்த பல்கலைக்கழகமும் ஒரே எல்லைக்குள் இருந்ததன் பலன் இது.

யாருடைய தேர்வு?

நல்ல உறுப்பினர்கள் கிடைத்துவிட்டார்கள், பிறகென்ன என்று கேட்கலாம். கேள்வி அவர்களைப் பற்றியது அல்ல, அவர்கள் வந்த வாசலைப் பற்றியது. ஒரே கட்சி எப்போதும் வெல்லும் தொகுதியில் பொதுத்தேர்தலுக்கு அர்த்தமில்லை. உண்மையான தேர்தல் பிரைமரிதான். 1991க்குப் பின் வந்த நால்வரில் மூவரை முதலில் உட்கார வைத்தது வார்டுத் தலைவர்களின் கூட்டம். நான்காமவருக்கு வழி திறந்தது கையெழுத்துச் சோதனை. நியமனம் பெற்றவர்கள் பிறகு வாக்காளர்களைச் சந்தித்தது உண்மைதான். ஆனால் அப்போது அவர்கள் பதவியில் இருக்கும் செனட்டர்கள். பெயரும் பணமும் கட்சியும் அவர்கள் பக்கம். பதவியில் இருப்பவரை விரட்டுவது வேறு, காலி நாற்காலிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வேறு.

எல்லை வரைவதிலும் இதே கதைதான். 2011லும் 2021லும் ஜனநாயகக் கட்சியே எல்லாவற்றையும் கையில் வைத்திருந்ததால் தொப்பிக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2021ல் கணக்கெடுப்பு விவரங்கள் தாமதமானபோது, மதிப்பீடுகளை வைத்தே அவசரமாக ஒரு வரைபடத்தை நிறைவேற்றினார்கள். மக்கள்தொகை சமமாக இல்லை என்று கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளியது. திருத்திய வரைபடம்தான் பின்னர் நிலைத்தது. கட்சி ஆதாயத்துக்காக எல்லை வளைப்பதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019லேயே கைகழுவிவிட்டது. கலிஃபோர்னியா மாதிரியான சில மாநிலங்கள் மாநில அவைகளின் எல்லைகளைக் குடிமக்கள் கமிஷனிடம் ஒப்படைத்திருக்கின்றன. இல்லினாய்ஸ் ஒப்படைக்கவில்லை.

இந்த இடத்தில் இந்திய வாசகர் சற்றே நிமிர்ந்து உட்காரலாம். இங்கே எல்லை வரைவது தொகுதி மறுவரையறை கமிஷன். எந்த எம்.எல்.ஏ.யும் கணினி முன்னால் உட்கார்ந்து தன் தொகுதியைத் தானே வரைந்துகொள்ள முடியாது. ஆனால் மாநிலங்களுக்கு எத்தனை மக்களவை இடம் என்ற கேள்வியை 1976ல் உறைய வைத்து, 2001ல் அந்த உறைநிலையை 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டியதும் நாம்தான். 1901லிருந்து 1955 வரை இல்லினாய்ஸ் எல்லைகளைத் தொடாமல் விட்டது வளரும் நகரத்தைக் கண்டு பயந்து. இங்கே உறைய வைத்ததன் காரணம் வேறு. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்குத் தண்டனை அனுபவிக்கக்கூடாது என்ற நியாயம். ஆனால் இரண்டிலும் தலைக்கணக்கும் இடங்களின் கணக்கும் விலகிக்கொண்டே போயின. ரெனால்ட்ஸ் தீர்ப்பு மரங்களை எண்ண வேண்டாம், மனிதர்களை எண்ணுங்கள் என்றது. மனிதர்களை மட்டும் எண்ணினால் போதுமா என்பது நம் முன்னால் இருக்கும் கேள்வி. ஒரு நாட்டின் விடையை இன்னொரு நாட்டுக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது.

2020 கணக்கெடுப்பின்படி இல்லினாய்ஸில் ஒரு செனட் தொகுதிக்குச் சராசரியாக 2,17,000 பேர். 13வது தொகுதியின் ஊரான ஹைட் பார்க்கை ஒட்டி, அதே ஜாக்சன் பார்க்கில் ஒபாமாவின் நினைவு மையத்துக்கான கட்டுமானம் 2021ல் தொடங்கியது. 2025ல் ராபர்ட் பீட்டர்ஸும் காங்கிரஸுக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். எந்தத் தொகுதி? 30 ஆண்டுகளுக்கு முன் ஆலிஸ் பாமர் ஆசைப்பட்ட அதே 2வது தொகுதி. களத்தில் குதித்தவர்களில் அன்று பாமரைத் தோற்கடித்த அதே ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியரும் ஒருவர்.

ஹைட் பார்க்கிலிருந்து மேலே ஏற விரும்புகிறவர்களுக்கு 13வது தொகுதி நல்ல ஏணி என்பதில் சந்தேகமில்லை. ஏணியில் ஏறுகிறவர் நடுவில் இறங்கிப் போனால், அடுத்த 30 நாட்களுக்குள் கூடி முடிவெடுக்கப் போவது விரல்விட்டு எண்ணக்கூடிய வார்டுத் தலைவர்கள். மிச்சமுள்ள இரண்டு லட்சத்துச் சொச்சம் பேருக்கு மறுநாள் செய்தித்தாளில் பெயர் தெரியவரும்.